எழுநூற்று இருபது கிராம்

தாம்பரம்
2.11.2025, ஞாயிறு

மாமாவுக்கு,

வேளைக்குச் சாப்பாடு, படுக்க ஒரு கட்டில், படிக்க ஒரு மேஜை. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நீங்களும் நம்ம பொண்ணு மதியும் எப்படி இருக்கீங்க என்று கேட்கத்தான் இன்று போன் செய்தேன். இந்தப் பயிற்சி நிலையத்தில் போனை வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் மட்டும் கொடுக்கிறார்கள். அதில் பத்து நிமிஷமும் சண்டை போட்டோம். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கடைசியில், "போன்ல பேசுனா சண்டைதான் வருது, இனி எதுவா இருந்தாலும் எழுதிப் போடு" என்று வைத்துவிட்டீங்க. எழுதுகிறேன். எழுதினால் குறுக்கே பேச முடியாதில்லையா?

மனசில் கிடப்பதை முதலில் கொட்டிவிடுகிறேன். நான் கிளம்பும்போது, கட்டின பொண்டாட்டி என்றும் பார்க்காமல், பாஞ்சாலி அண்ணி எதிரில், "முப்பத்திரண்டு வயசுல இவளுக்குப் பள்ளிக்கூடம் கேக்குது. இத்தனை வருசம் வராத கணக்கு இப்ப வந்துருமாக்கும்" என்றீங்க. உங்க அக்காவைச் சிரிக்க வைக்கச் சொன்னதுதான், தெரியும். அண்ணியும் சிரித்தாங்க. நான் மொரப்பூர் ஸ்டேஷன் வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தேன். குரூப் 4-ல் போன தடவை எனக்குத் தமிழ் போகவில்லை, பொது அறிவு போகவில்லை. மூன்றே மூன்று கணக்கில் போனது. அது உங்களுக்கும் தெரியும்.

இங்கே பதினைந்து நாளைக்கு ஒரு கணக்குத் தேர்வு. மொத்தம் மூன்று. ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து கணக்கு. மூன்றின் சராசரி ஐம்பது சதவீதம் வந்தால்தான் பரீட்சை வரை இங்கே தங்கிப் படிக்கலாம். வராதவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். முதல் தேர்வு வருகிற எட்டாம் தேதி. சதவீதம் என்ற வார்த்தையைப் பார்த்தாலே பக்கத்தைத் திருப்பிவிடுகிறேன்.

கணக்கு எடுக்கும் சவுரியப்பன் சார் ஒரு வழி சொல்லியிருக்கிறார். கணக்கைப் பார்த்ததும் போடத் தொடங்காதே, தெரிந்தது என்ன, கண்டுபிடிக்க வேண்டியது என்ன என்று இரண்டு வரி எழுது, தெரியாததற்கு x என்று பேர் வை, பாதிப் பயம் போய்விடும் என்கிறார். எனக்கு இன்னும் போகவில்லை.

கடிதத்தின் கடைசியில் மதியை ஒரு வரி எழுதச் சொல்லுங்க.

சசிகலா


கொன்னையள்ளி
7.11.2025

சசிக்கு,

லெட்டர் வந்தது. இந்தக் காலத்தில் லெட்டரா என்று தபால்காரருக்கே ஆச்சரியம். "என்ன மாது, கோர்ட்டு நோட்டீஸா?" என்று கேட்டுச் சிரித்தார். உன் லெட்டரைப் படித்த பிறகு, அவர் சொன்னதில் தப்பில்லை என்று தோன்றியது. பஸ்ஸில் அழுதேன் என்று எழுதியிருக்கிறாய். நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதைச் சென்னை வரைக்கும் தூக்கிக்கொண்டு போவாய் என்று நினைக்கவில்லை.

உனக்கு மட்டும்தான் கணக்கு என்று நினைக்காதே. எனக்கும் ஒன்று வந்திருக்கிறது. நான் பார்க்கிற நம் ஊர்த் தண்ணீர் டேங்க் அறுபதாயிரம் லிட்டர் என்று உனக்குத் தெரியும். ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் பிளீச்சிங் பவுடர் என்று தினம் இருநூற்று நாற்பது கிராம் கரைத்து ஊற்றுகிறேன். தண்ணீர் மருந்து நாற்றம் அடிக்கிறது, சோறே இறங்கவில்லை என்று சென்னம்மாள் தெருவில் நின்று கத்தினாளே, நினைவிருக்கிறதா? அதற்கு நானே ஒரு உபாயம் கண்டுபிடித்தேன். மூட்டையின் வாயைத் திறந்து மோட்டார் ரூமில் வைத்துவிட்டேன். நாலு நாளில் காரம் போய்விட்டது. இப்போது ஒருவரும் குறை சொல்வதில்லை.

போன செவ்வாய்க்கிழமை சுகாதார ஆய்வாளர் வந்து அந்தப் பவுடரை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்தார். முப்பத்துமூன்று சதவீதம் இருக்க வேண்டிய குளோரின் சத்து பதினொன்றுதான் இருக்கிறதாம். பிடித்து ஏசினார். புது மூட்டை வரப் பத்துப் பதினைந்து நாளாகும், அதுவரைக்கும் அதற்குத் தகுந்த மாதிரி கூட்டிப் போடு என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டார். எவ்வளவு கூட்டுவது என்று அவரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கக் கூச்சம்.

நானே போட்டுப் பார்த்தேன். முப்பத்துமூன்றில் இருபத்திரண்டு போய்விட்டது. அதாவது மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருக்கிறது. குறைந்ததைக் கூட்ட வேண்டியதுதானே? இருநூற்று நாற்பதில் மூன்றில் இரண்டு பங்கு நூற்று அறுபது. இரண்டும் சேர்த்து நானூறு கிராம். நேற்றிலிருந்து நானூறு போடுகிறேன். சரிதானே? நீ சதவீதம் படிக்கிறவள், பார்த்துச் சொல்லு. மழையில் சாக்கடை ஓரத்து பைப் ஜாயின்ட் வேறு ஒழுகுகிறது. மருந்து சரியாக இருக்க வேண்டும்.

மாது

அம்மா நான் மூணாம் வாய்ப்பாட்டை ஒப்பிச்சுட்டேன். அப்பா இட்லி கல்லு மாதிரி சுடறாரு. கலைமதி.


தாம்பரம்
12.11.2025

மாமாவுக்கு,

இருபத்தைந்துக்குப் பதினாலு! ஐம்பத்தாறு சதவீதம். ரிசல்ட் தாளை இரண்டு தடவை பெயர் சரிபார்த்துத்தான் நம்பினேன். என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் இருக்கும் மெஹக்கும் பதினாலு. ராத்திரிச் சாப்பாட்டில் ஆளுக்கு ஒரு வாழைப்பழம் கூடுதலாக வாங்கிக்கொண்டோம்.

உங்க கணக்கைப் பார்த்தேன். மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது, மூன்றில் இரண்டு பங்கு கூட்டியிருக்கீங்க. சரியாகத்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் என்னைவிட நீங்க நல்லாப் படிச்சவர் என்று அத்தை சொல்வாங்க, நான் நம்பியதில்லை. இப்போது நம்புகிறேன்.

இட்லி மாவில் தண்ணீர் குறைவு. அதையும் சதவீதத்தில் சொல்லவா?

அடுத்த தேர்வு இருபத்திரண்டாம் தேதி. இனிமேல் சாமான் விலை ஏற்ற இறக்கக் கணக்குகளாம். எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் வரிசையில் நான் நிற்பதில்லை, நீங்கதானே எழுதச் சொன்னீங்க. மதியைத் தலையில் எண்ணெய் வைத்துக்கொள்ளச் சொல்லுங்க.

சசிகலா


17.11.2025

சசி,

அவசரமாக எழுதுகிறேன். பேனா இரவல், கேட்டால் கொடுத்துவிட வேண்டும்.

ஊரில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும். வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் மொத்தம் இருபது பிள்ளைகள், அதில் முப்பது சதவீதம் ஆப்சென்ட் என்று தமிழ்ச்செல்வன் வாத்தியார் சொன்னார். கோவிந்தன் வீட்டில் இரண்டு பேர், வெங்கடாசலம் வீட்டு இரட்டைப் பிள்ளைகள், சென்னம்மாள் பேத்தி என்று எல்லாம் படுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வண்டி வந்து உப்புச்சர்க்கரைப் பொட்டலம் கொடுத்துவிட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனது. ரிசல்ட் வர ஐந்து நாளாகுமாம். மாரியம்மன் கோயிலில் ஊற்றிய கூழ் புளித்துவிட்டது, அதுதான் காரணம் என்று பாதி ஊர் சொல்கிறது. மீதிப் பாதி என் முகத்தைப் பார்க்கிறது.

குழாய்த் தண்ணீரில் சோதனைக்குக் கொடுத்த சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தேன். தண்ணீரில் குளோரின் இருந்தால் நல்ல மஞ்சளாக மாற வேண்டும். மாறியதா இல்லையா என்றே தெரியவில்லை. அந்தச் சொட்டு மருந்து பழசாக இருக்கலாம்.

நானூறு கிராம் சரிதானே சசி? நீயும் பார்த்தாய். சரி என்று எழுதியிருந்தாய். அந்த லெட்டரைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் காட்டலாம் என்று இல்லை, சும்மா வைத்திருக்கிறேன்.

நீ படி. தேர்வை விட்டுவிடாதே.

மாது


தாம்பரம்
20.11.2025, வியாழன்

மாமா,

காலை ஏழு மணி. பத்து மணிக்கு வார்டன் அம்மா வந்தால்தான் அலமாரியைத் திறந்து போன் தருவார்கள். வாட்ச்மேன் கையில் சாவி இல்லை. அதுவரைக்கும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, எழுதுகிறேன்.

கணக்கு தப்பு. நானூறு தப்பு. நேற்று சாயங்கால வகுப்பில் சவுரியப்பன் சார் ஒரு கணக்குப் போட்டார். நூறு ரூபாய்ச் சேலையின் விலையை ஐம்பது சதவீதம் குறைத்துவிட்டார்கள், மறுபடி பழைய விலைக்கு வர எத்தனை சதவீதம் கூட்ட வேண்டும் என்றார். வகுப்பு மொத்தமும் ஐம்பது என்றது. நானும்தான். ஐம்பது ரூபாயில் ஐம்பது சதவீதம் கூட்டினால் எழுபத்தைந்துதானே வருகிறது என்று கேட்டார். நூறு சதவீதம் கூட்ட வேண்டும். குறையும்போது பெரிய தொகையில் குறைகிறது, கூட்டும்போது சின்னத் தொகையின் மேல் கூட்டுகிறோம், இரண்டும் ஒன்றாகாது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உங்க மூட்டை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வகுப்பு முடிந்து அறைக்கு வந்தால் உங்க கடிதம் கட்டில்மேல் கிடந்தது.

தெரிந்தது: முன்பு 240 கிராம், சத்து முப்பத்துமூன்று சதவீதம். இப்போது சத்து பதினொன்று.
கண்டுபிடிக்க வேண்டியது: இப்போது போட வேண்டிய x கிராம்.
11 × x = 33 × 240. x = 720.

எழுநூற்று இருபது மாமா. பழைய பவுடர் ஒரு பங்கு செய்த வேலையைச் செய்ய இந்தப் பவுடர் மூன்று பங்கு வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. நீங்க போட்டது வேண்டியதில் பாதியை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பதினைந்து நாளாக ஊரே அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறது. நான் சரி என்று எழுதினேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை ராத்திரி முழுக்கப் போடாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

தெரிந்தது: பள்ளியில் இருபது பிள்ளைகள். முப்பது சதவீதம் வரவில்லை. இருபதில் முப்பது சதவீதம் ஆறு. கோவிந்தன் வீட்டில் இரண்டு, வெங்கடாசலம் வீட்டில் இரண்டு, சென்னம்மாள் பேத்தி ஒன்று. ஐந்து.
கண்டுபிடிக்க வேண்டியது: ஆறாவது பிள்ளை யார்?

நீங்க கடிதத்துக்கு மேலே ஊர்ப் பேர் எழுதவில்லை. நம் வீட்டில் மதியின் பேனா நாலு கிடக்கிறது, உங்களுக்கு எதற்கு இரவல் பேனா? கடைசியில் அவள் எழுதும் ஒரு வரி இல்லை. அவள் பேரே கடிதத்தில் எங்கும் இல்லை. உங்களுக்குப் பொய் சொல்ல வராது மாமா, அதனால் விட்டுவிட்டு எழுதியிருக்கீங்க.

என் கணக்கு எப்போதும் தப்பாகத்தானே வரும். இதுவும் தப்பாக வரட்டும்.

வார்டன் அம்மா வந்துவிட்டார். முதலில் உங்களுக்குப் போடுவேன். நீங்க எடுக்காவிட்டால் பாஞ்சாலி அண்ணிக்குப் போட்டு எழுநூற்று இருபது என்று சொல்லச் சொல்வேன். இதைத் தபாலில் போடுவேனா, கையில் கொண்டு வருவேனா, தெரியவில்லை.


கொன்னையள்ளி
27.11.2025

சசிக்கு,

ஆஸ்பத்திரி வாசலில் என் கையில் திணித்தாயே, அந்த லெட்டரை அன்றைக்கே படித்துவிட்டேன். மூன்று நாள் மதியின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். அவளுக்குத் தலை வாரினாய், கஞ்சி ஊட்டினாய், குளுக்கோஸ் பாட்டிலில் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தாய். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிவிட்டாய். எழுதினால் குறுக்கே பேச முடியாது என்றாய் அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

மதி வீட்டுக்கு வந்துவிட்டாள். நேற்று பள்ளிக்கூடமும் போனாள். மற்ற ஐந்து பேரும் தேறிவிட்டார்கள். கோவிந்தனின் சின்னவன் மட்டும் இன்னும் மெலிவாக இருக்கிறான்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீ போட்ட போனை நான் எடுக்கவில்லை. பையில் அடித்துக்கொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுத்தால் மதியைக் கேட்பாய், சொல்ல வேண்டிவரும். அப்புறம் அக்கா போட்டாள். "சசி சொல்லுது, எழுநூத்தி இருபதாம். பழசு ஒண்ணுக்கு இது மூணாம். வேற ஒண்ணும் கேக்காத, போய்ப் போடு" என்றாள். மதி ஆஸ்பத்திரியில் இருப்பதை உன்னிடம் சொன்னதும் அவள்தான். அக்காவை வரவழைத்து மதியிடம் உட்கார வைத்துவிட்டு பஸ் பிடித்தேன். உன் கணக்கு எனக்குப் புரியவில்லை. மூன்று மடங்கு போட்டு விஷமாகிவிட்டால் என்ன செய்வது? உன்னைக் கணக்கு வராதவள் என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். மளிகைக் கடைத் தராசில் எழுநூற்று இருபதை நிறுத்து, டேங்க் மேலே ஏறி நின்றபோது, அந்தப் பேச்சுத்தான் காதில் விழுந்தது. ஊற்றிவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் குழாயைத் திறந்தேன். நாற்றம் வந்தது. குடத்தோடு நின்ற சென்னம்மாள் என்னை மண்ணை வாரித் தூற்றாத குறை. நான் ஒரு டம்ளர் பிடித்து எல்லோர் எதிரிலும் குடித்தேன். அப்புறம் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தேன். மஞ்சளாக மாறியது. மருந்து பழசில்லை சசி. அது முதலிலிருந்தே சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

பாட்டில் தண்ணீரின் ரிசல்ட் வந்துவிட்டது, காரணம் கூழ் இல்லை, தண்ணீர்தான். மூட்டை வாயைத் திறந்து வைத்தது நான்தான் என்று ஆய்வாளரிடம் சொல்லிவிட்டேன். அந்த நாற்றம்தான் மருந்தாம். நாற்றம் போகட்டும் என்று திறந்து வைத்தால் மருந்துதான் போகுமாம். ஒன்பது வருஷமாக டேங்க் பார்க்கிறேன், இது எனக்குத் தெரியவில்லை. அதை என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும் வரைக்கும் டேங்க் பக்கம் போகக் கூடாது. வெங்கடாசலம்தான் வால்வு திருப்புகிறான். புது மூட்டை வந்துவிட்டது, வாயைக் கட்டித்தான் வைத்திருக்கிறான். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. தினம் காலையில் நம் வீட்டுக் குழாயில் சொட்டு விட்டுப் பார்த்துக் காலண்டரில் குறித்து வைக்கிறேன்.

மதியை ஏன் மறைத்தேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நீ போன நாளிலிருந்து நீ திரும்பி வர வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தோற்று வந்தாலும் சரி, வந்தால் போதும் என்று இருந்தது. மதியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது, இதைச் சொன்னால் நீ உடனே வந்துவிடுவாய் என்று தோன்றியது. நான் ஆசைப்பட்டது இப்படியா நடக்க வேண்டும் என்று எனக்கே என்மேல் பயம் வந்துவிட்டது. அதனால்தான் சொல்லவில்லை.

இருபத்திரண்டாம் தேதித் தேர்வு என்ன ஆயிற்று? அதை மட்டுமாவது எழுது.

மாது

அம்மா நான் குளுக்கோஸ்ல இருந்தேன்னு சாரு எல்லார் கிட்டயும் சொன்னாரு. கலைமதி.


தாம்பரம்
2.12.2025

மாமாவுக்கு,

தேர்வு என்ன ஆகும்? நான் மதி பக்கத்தில் இருந்தேன், தேர்வு இங்கே நடந்தது. சைபர். மறுபடி எழுத விடுவார்களா என்று கேட்டுப் பார்த்தேன், அப்படி ஒரு வழக்கம் இல்லையாம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தெரிந்தது: முதல் தேர்வு ஐம்பத்தாறு, இரண்டாவது சைபர், சராசரி ஐம்பது வேண்டும். 56 + 0 + x = 150. x = 94. ஒரு கணக்குக்கு நாலு சதவீதம். அப்படியென்றால் இருபத்தைந்தில் இருபத்துநாலு சரியாக வர வேண்டும். இருபத்துமூன்று என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பதினாலுக்கு வாழைப்பழம் சாப்பிட்டவள் நான். நோட்டைச் சவுரியப்பன் சாரிடம் காட்டினேன். "நூறுக்குள்ளதானேம்மா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதைப் பிடித்துக்கொண்டுதான் நாலு நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஏன் ஆஸ்பத்திரியில் பேசவில்லை என்று நீங்களும் கேட்கவில்லை. கோபம் என்று நினைத்திருப்பீங்க. கோபம் இருந்தது. மதியை மறைத்ததற்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் வாயை அடைத்தது அது இல்லை. உங்க கணக்கைச் சரி என்று எழுதினேனே, அன்றைக்கு நான் அதைப் போட்டே பார்க்கவில்லை மாமா. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் நீங்க என்னிடம் ஒரு கணக்கைக் காட்டி சரிதானா என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் மேலோட்டமாகப் பார்த்து எழுதிவிட்டேன். இரண்டு வரி எழுதிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மதி கையில் ஊசி குத்தியிருந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வந்தது. எழுதி வாங்கியது உங்களிடம் மட்டும்தான். பாதி என்னிடம் வாங்கியிருக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கிழித்துவிடுங்க.

தேர்வு ஆறாம் தேதி, சனிக்கிழமை. சாயங்காலமே மார்க் தெரிந்துவிடும். அதை எழுதிப் போட மாட்டேன், தபால் வந்து சேர இரண்டு மூன்று நாளாகும். மறுநாள் ஞாயிறு. பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் கொடுப்பார்கள். அன்றைக்குக் காலையில் நம் வீட்டுத் தண்ணீர் மஞ்சளாக மாறியதா என்று முதலில் நீங்க சொல்லணும். அதற்கப்புறம்தான் நான் எத்தனை என்று சொல்வேன். மீதி நேரம் சண்டை போட்டாலும் பரவாயில்லை.

போனை எடுங்க.

சசிகலா